"என்ன தேவைக்காம் விக்கிறாரு?"



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குச் சுடும். ஆனாலும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள், வாசிக்காமல் திட்ட வேண்டாம்.

எங்கட ஊரில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது என்று கதை பரவினால் முதலாவதாகக் கேட்கப்படும் கேள்வி எது தெரியுமா? எத்தனை பேர்ச் என்பதல்ல. உறுதிக் காணியா, பெர்மிட் காணியா என்பதல்ல. கிணற்றுத் தண்ணீர் நல்லதா உவரா என்பதும் அல்ல. "என்ன தேவைக்காம் விக்கிறாரு?" இதுதான் முதல் கேள்வி.

அக்கறையில் கேட்பதாக யாரும் சொல்லாதீர்கள். அக்கறை இருந்தால் பதில் வந்ததும் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு வருவோம். இங்கே பதில் வந்ததும் விலை இறங்குகிறது. "மகளுக்குக் கலியாணமாம், நோன்புக்கு முன்னுக்கு முடிக்கணுமாம்" என்றால் மூன்று இலட்சம் குறையும். "மஹரகமைக்குக் கிளினிக் போய் வாறாங்களாம்" என்றால் ஐந்து. "பேங்க்கால நோட்டீஸ் ஒட்டிட்டாங்களாம்" என்றால் சொல்லவே வேண்டாம், அந்த வீட்டை ஒரு மாதம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வேண்டுமென்றே. காயப்போடுகிறார்களாம். "கொஞ்சம் காயட்டும் மச்சான், தன்னால இறங்கி வருவாரு" என்று தேநீர்க் கடையில் இருந்து சிரித்துக்கொண்டு சொல்கிற ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கருவாட்டைப் பற்றிப் பேசவில்லை. ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பேரம் பேசுவது பிழை என்று நான் சொல்லவில்லை. எங்கள் மார்க்கத்தில் அது தடுக்கப்பட்டதும் இல்லை. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களே ஒரு பயணத்தில் ஜாபிர் ரழியல்லாஹு அன்ஹு அவர்களிடம் ஒட்டகத்தை விலைக்குக் கேட்டார்கள். ஜாபிர் முதலில் மறுத்தார்கள், திரும்பவும் கேட்டார்கள், விலை முடிந்தது. மதீனா போய்ச் சேரும் வரைக்கும் ஏறிப் போகிறேன் என்று ஜாபிர் ஒரு நிபந்தனையும் போட்டார்கள். இவ்வளவும் பேரம்தான். ஆனால் அதே சம்பவத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அதை நாங்கள் பயானில் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். ஜாபிருடைய வாப்பா உஹதில் ஷஹீதானவர். தங்கச்சிமார் பலர் இவர் பொறுப்பில். புதிதாகக் கலியாணம் முடித்தவர். இந்த நிலைமை எல்லாம் அந்தப் பேச்சிலேயே வெளியில் வருகிறது. தெரிந்த பிறகு என்ன நடந்தது? மதீனாவில் பேசிய விலையும் கொடுக்கப்பட்டது, ஒட்டகமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. விற்கிறவரின் நெருக்கடி தெரிந்தபோது அங்கே விலை எந்தப் பக்கம் போனது, இங்கே எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

"சேர், யாவாரத்தில இரக்கம் பாத்தா முடியுமா?" என்பார்கள். சரி, இரக்கத்தை விடுங்கள். நியாயத்துக்கு வருவோம்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி. கணவர் மவுத்தாகி இரண்டு வருடம். பன்னிரண்டு பேர்ச்சில் வீடு, ஓட்டுக் கூரை, நல்ல கிணறு. மூத்த மகளுக்குக் கலியாணம் பேசியாயிற்று. அந்த வீட்டை விற்று, உள்ளுக்கு ஒரு சின்னக் காணி வாங்கி, இரண்டு அறையோடு ஒரு வீட்டை மகளுக்கும் தனக்குமாகக் கட்டுவதுதான் கணக்கு. ஒரு மாதத்துக்குள் நான்கு பேர் வந்து விலை கேட்டார்கள். முதலாமவர் ஒரு விலை. இரண்டாமவர் அதைவிடக் குறைய. மூன்றாமவர் இன்னும் குறைய. நான்காமவர் வந்த நேரம் அவ நம்பிவிட்டா, தன்ட வீட்டுக்குப் பெறுமதி இவ்வளவுதான் போல என்று. பிறகுதான் தெரிந்தது, முதல் மூன்று பேருக்கும் வாங்குகிற எண்ணமே இருக்கவில்லை. மூன்று பேரும் ஒரே புரோக்கர் அனுப்பிய ஆட்கள். நான்காவது ஆளுக்காகப் பாதை வெட்டிக் கொடுத்தவர்கள்.

வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிக் கேட்பது நஜஷ், அது தடுக்கப்பட்டது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும். வாங்கும் எண்ணமில்லாமல் விலையை இறக்கிக் கேட்பது அந்த நஜஷுடைய கூடப்பிறந்த தம்பி. அண்ணனைப் பள்ளிவாசலுக்குள் திட்டிவிட்டுத் தம்பியை வீட்டில் வைத்துச் சாப்பாடு போடுகிறோம்.

புரோக்கர் என்றதும் எல்லாரையும் ஒரு கூடையில் போடவில்லை. வெயிலில் அலைந்து, காணிப் பதிவகத்துக்குப் போய்த் தோம்பு பார்த்து, சண்டை வந்தால் இரண்டு பக்கமும் சமாதானம் பேசி, உழைத்துச் சாப்பிடுகிற தரகர்மார் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கிற கொமிஷன் ஹலாலான கூலி. நான் சொல்வது "கைக்கு" விலை பேசுகிற ஆட்களை. விற்கிறவரிடம், "உங்கட கைக்கு நாப்பத்தஞ்சு வந்தாச் சரிதானே?" வாங்குகிறவரிடம், "அவர் ஐம்பத்திரண்டுக்குக் குறைய மாட்டாரு." நான் கணக்குப் படிப்பிக்கிறவன், இந்தக் கணக்கு எனக்கு இலேசு. நடுவில் ஏழு இலட்சம். அதற்கு மேல் இரண்டு பக்கமும் கொமிஷன். இவ்வளவுக்கு விற்றுத் தா, மேலதிகம் உனக்கு என்று விற்கிறவர் தெரிந்துகொண்டு மனம் பொருந்திச் சொன்னால் ஆகும் என்று இப்னு அப்பாஸ் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் சொல்லியிருப்பதாகக் கிதாபுகளில் இருக்கிறது. "தெரிந்துகொண்டு" என்பதுதான் அதில் விசயம். எங்கட ஊரில் விற்கிறவரையும் வாங்குகிறவரையும் உறுதி எழுதுகிற நாள் வரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விடாமல் வைத்திருக்கிறார்களே, அது எதற்கு? தெரியக்கூடாது என்பதற்குத்தான்.

இப்போது கொஞ்சம் கசப்பான இடத்துக்கு வருகிறேன்.

கிழக்கில் எங்கட வழக்கம் தெரியும்தானே. வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. உம்மாட வீடு மகளுக்குப் போகும், உறுதி மகள்ட பேரில் இருக்கும், மாப்பிள்ளை வந்து குடியேறுவார். வாப்பா வயலை விற்று, உம்மா காப்பைக் கழற்றிக் கட்டின வீடு. சீதன வீடு சரியா பிழையா என்பது வேறொரு நாளைக்குச் சண்டை பிடிக்க வேண்டிய விசயம். ஆனால் இருக்கிற நிலை இதுதான்: ஊரில் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தக்காரர் ஒரு பெண்.

அந்த வீட்டை விற்கும்போது விலை பேசுவது யார்? மாப்பிள்ளையும் காக்காமாரும் புரோக்கரும். எங்கே வைத்து? கடை வாசலில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு. வீட்டுக்காரி எங்கே? குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கிறா. விலை முடிந்து, அட்வான்ஸ் வாங்கி, அதில் ஒரு பகுதி செலவாகியும் முடிந்த பிறகு நொத்தாரிசுக்கு முன்னால் கொண்டுபோய் இருத்தி, "இதில கையெழுத்துப் போடுங்க" என்கிறார்கள். நொத்தாரிசு வாசித்துக் காட்டும்போதுதான் தன்ட வீட்டுக்கு என்ன விலை என்பது அவட காதில் முதல்முதலாக விழுகிறது. அதுவும் உண்மையான விலை இல்லை, ஏனென்றால் உறுதியில் போடுகிற தொகை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இதற்குப் பெயர் என்ன? அடுத்தவர் சொத்தை அவரைக் கேட்காமல் விற்பது. ஒரு ஆம்பிளைட கடையை அவரைக் கேட்காமல் அவர் பெண்சாதி விலை பேசியிருந்தால் பள்ளிவாசலில் விசாரணை வைத்திருப்போம். மனைவியின் சொத்து மனைவியுடையது, கணவனுக்கு அதில் அவள் மனம்விரும்பிக் கொடுப்பதைத் தவிர எதுவும் இல்லை என்று இஸ்லாம் பெண்ணுக்குக் கொடுத்த உரிமையை மேடை மேடையாகச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் நாங்கள். வீட்டு வாசற்படியில் அந்தப் பெருமையைச் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிடுகிறோமா?

வாங்குகிறவர்களும் கேளுங்கள். நீங்கள் அந்தப் பெண்ணிடம் ஒரு தரமாவது, "ராத்தா, உங்களுக்கு இந்த விலைக்குச் சம்மதமா?" என்று நேரே கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால் நீங்கள் வாங்கியது அவட கையெழுத்தைத்தான். சம்மதத்தை அல்ல. இருதரப்புத் திருப்தி இல்லாத வியாபாரம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு அநியாயம் இதற்குள்ளேயே இருக்கிறது. மகன்மாருக்கு வீடு கேட்கிறவர்களும், குமர்க் காரியத்துக்காக விற்கப்படுகிற வீட்டை அடித்து விழுத்தி வாங்குகிறவர்களும் வேறு வேறு ஆட்கள் இல்லை. ஒரு கையால் "புள்ளைக்கு வீடு இருக்கா?" என்று கேட்கிறோம். மறு கையால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் விற்க வந்தவனின் கழுத்தைப் பிடிக்கிறோம்.

2022ஐ மறந்துவிட்டீர்களா? அந்த வருடம் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்கு மேல் ஏறியது. மா, சீனி, மருந்து, சீமெந்து எல்லாம் கைக்கு எட்டாமல் போன நேரம் எத்தனை குடும்பங்கள் காணியையும் வீட்டையும் விலை பேசின. அதே நேரம் வெளிநாட்டில் றியாலிலும் தீனாரிலும் உழைத்தவர்களுக்கு ஊரில் எல்லாம் மலிவாகத் தெரிந்தது. உழைத்த காசுக்கு வீடு வாங்கியதை நான் குறை சொல்லவில்லை. பாலைவனத்தில் அவர்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் வட்ஸ்அப்பில், "இப்பதான் வாங்குற டைம், எல்லாரும் விழுந்து கிடக்கிறாங்க" என்று செய்தி அனுப்பியவர்களையும் எனக்குத் தெரியும். விழுந்து கிடந்தது யார்? உங்கட ஊர். உங்கட சாச்சி, உங்கட மாமிட மகள்.

விற்கிறவர்கள் கைதட்ட வேண்டாம். உங்கள் பக்கமும் வருகிறேன்.

மார்கழி மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற வளவை வைகாசி வெயிலில் காட்டி விற்பது யார்? கறையான் தின்ற கைமரத்துக்கு மேலே சீலிங் அடித்துப் பெயின்ட் பூசி "புது வேலை" என்று சொல்வது யார்? கடைவீதியில் ஈரமான தானியத்தை உள்ளே மறைத்து மேலே காய்ந்ததை வைத்திருந்தவரிடம், கையை உள்ளே விட்டுப் பார்த்து நபியவர்கள் என்ன சொன்னார்கள் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அது வெறும் ஒரு குவியல் தானியம். இது ஒரு மனிதன் வாழ்நாளில் ஒரு தரம் வாங்குகிற வீடு.

பெர்மிட் காணியை உறுதிக் காணி மாதிரிக் கதைத்து விற்கிறார்கள். பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது என்று தெரிந்துகொண்டே, அற்றோணி எழுதித் தருகிறேன், பயப்படாதீங்க என்கிறார்கள். உம்மாவுக்குச் சீவிய உரித்து இருப்பதைச் சொல்வதில்லை. பிரிக்கப்படாத பங்கு என்பதைச் சொல்வதில்லை. வெளிநாட்டில் இருக்கிற தம்பி இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்பதைச் சொல்வதே இல்லை. பேசுகிற இருவரும் உண்மை சொல்லிக் குறையை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத், மறைத்தால் பரக்கத் துடைக்கப்படும் என்பது ஹதீஸின் கருத்து. குறையைச் சொன்னால் விலை குறையும் என்று பயப்படுகிறீர்கள். குறையட்டுமே, அந்தக் குறைந்த விலைதான் உங்கட வீட்டின் விலை. மேலதிகமாக வாங்கியது அந்தப் பொய்யின் விலை.

அடுத்தது வாய்வார்த்தை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இன்றைக்கும் இருக்கிறது. காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும், வாய்ப்பேச்சுக்கு நீதிமன்றத்தில் வலு இல்லை. இதை எங்கட ஆட்கள் நன்றாக விளங்கி வைத்திருக்கிறார்கள். ஸலாம் சொல்லி, கைகொடுத்து, அட்வான்ஸும் வாங்கி, ஃபாத்திஹாவும் ஓதி முடித்த விலையை, அடுத்த கிழமை இன்னொருவர் இரண்டு இலட்சம் கூடக் கேட்டதும் முறிக்கிறார்கள். "அட்வான்ஸத் திருப்பித் தாறேன், வேற என்ன?" வேறென்னவா? அந்த மனிதர் உங்கட பேச்சை நம்பி நகையை விற்றிருக்கிறார், இருந்த வாடகை வீட்டுக்காரரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டார். ஒரு சகோதரன் விலை முடித்ததற்கு மேல் விலை கேட்டுப் போனவருக்கும் இதில் பங்கு உண்டு, அவர் தொழுகையில் முதல் ஸஃப்பில் நின்றாலும் சரி. சட்டம் பிடிக்காத இடத்தில்தானே ஈமான் பிடிக்க வேண்டும்? நம்பிக்கை இல்லை என்றால் அன்றைக்கே நொத்தாரிசிடம் போய் விற்பனை உடன்படிக்கை ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு ஆகிற செலவு, பிறகு வருகிற மனக்கசப்போடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

உறுதியில் விலையைக் குறைத்துப் போடுவது பற்றிச் சொன்னேன். முத்திரை வரி பொதுவாக முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஐம்பது இலட்சத்து வீட்டுக்கு 1,99,000 ரூபாய் வரும். உறுதியில் இருபது இலட்சம் என்று போட்டால் 79,000. மிச்சம் 1,20,000. கெட்டித்தனமாம். அந்த முத்திரை வரி போய்ச் சேர்வது எங்கே தெரியுமா? மாகாண சபை ஊடாக எங்கட பிரதேச சபைக்கும் மாநகர சபைக்கும். வடிகான் நாறுது, தெரு லைட் எரியல்ல, குப்பை வண்டி வரல்ல என்று அடுத்த நாள் பேஸ்புக்கில் எழுதுவதும் இதே ஆள்தான். பெறுமதி குறைவு என்று மாகாண இறைவரித் திணைக்களம் கண்டால் பிறகு தேடி வந்து வாங்குவார்கள், அது வேறு. அதைவிட, பிழை நடந்து நாளைக்கு வழக்கென்று வந்தால் நீங்கள் கொடுத்த ஐம்பதுக்கு உங்கள் கையில் இருக்கிற எழுத்து இருபதுக்குத்தான். விற்றவ ஏமாற்றப்பட்டிருந்தாலும் அவட கையிலும் அதே பொய்த் தாள்தான்.

"அப்ப சந்தை விலை எண்டு ஒண்டு இல்லையா சேர்? அவரும் விரும்பித்தானே விக்கிறாரு, கத்தியா வச்சோம்?" இதுதான் கடைசியாக வருகிற வாதம். தண்ணீரில் மூழ்குகிறவன் கயிற்றுக்கு என்ன விலையும் விரும்பித்தான் கொடுப்பான். நெருக்கடியில் இருப்பவனின் விற்பனை பற்றி ஃபிக்ஹில் தனியாகவே பேசியிருக்கிறார்கள். அதை விடுங்கள், ஒல்லாந்தர் இந்த நாட்டில் விட்டுப்போன ரோமன்-டச்சுச் சட்டம்கூட, உண்மையான பெறுமதியில் அரைவாசிக்கும் குறைவாக விற்றவர் நீதிமன்றம் போய் அந்த விற்பனையை ரத்துச் செய்யக் கேட்கலாம் என்கிறது. "விரும்பித்தானே கையெழுத்து வச்சாரு" என்ற பேச்சை ஒல்லாந்தனே முழுதாக ஏற்கவில்லை. நாங்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

பக்கத்து வளவுக்காரருக்கும் ஒரு சொல். வீடு விலைக்கு வந்ததும் இல்லாத எல்லைப் பிரச்சினையைக் கிளப்பி, பார்க்க வருகிறவர்களை மதிலுக்கு மேலால் பயமுறுத்தி அனுப்பிவிட்டு, கடைசியில் தானே மலிவாகக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், அயலவனுக்குத்தான் முதல் உரிமை என்று ஹதீஸ் சொல்வார்கள். அந்த ஹதீஸ் வந்த சம்பவத்தையும் சேர்த்துப் படியுங்கள், புகாரியில் இருக்கிறது. அபூ ராபிஃ ரழியல்லாஹு அன்ஹு ஸஅத் பின் அபீ வக்காஸ் ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் வளவில் உள்ள தன் இரண்டு அறைகளை அவர்களிடமே வாங்கச் சொல்கிறார்கள். ஸஅத் நாலாயிரம் திர்ஹத்துக்கு மேல் தரமாட்டேன், அதுவும் தவணையில் என்கிறார்கள். அபூ ராபிஃக்கு வெளியில் ஐந்நூறு தீனார் கேட்டிருக்கிறார்கள், அது ஏறத்தாழ ஐயாயிரம் திர்ஹம். அயலவரின் உரிமை பற்றி நபியவர்களிடம் கேட்டிருந்ததால் குறைந்த விலைக்கே ஸஅதுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸஅத் தன் விலையை ஒளிவில்லாமல் சொன்னார்கள், அபூ ராபிஃ வெளியில் கேட்ட விலையை ஒளிவில்லாமல் சொன்னார்கள். விட்டுக்கொடுத்தது விற்றவர். வாங்கியவர் மதிலுக்கு மேலால் ஏறிப் பிடுங்கவில்லை.

கமெண்டில் ஒருவர் கட்டாயம் கேட்பார், "சேர் வீடு வாங்கக்குள்ள பேரம் பேசல்லயா?" என்று. பேசினேன். நன்றாகவே பேசினேன். ஒழுங்கையில் கடைசியாக விற்ற மூன்று வளவுகளும் பேர்ச் என்ன விலைக்குப் போனது என்று விசாரித்துக்கொண்டு போனேன். ஓடாவியைக் கூட்டிக்கொண்டு போய்க் கூரையைப் பார்த்தேன், ஒரு பக்கத்துக் கைமரம் முழுக்கக் கறையான். மாற்ற என்ன செலவு என்று ஓடாவி தாளில் எழுதித் தந்தார். அதை வீட்டுக்காரியிடமே காட்டினேன். அவ ஓடாவியிடம் இரண்டு கேள்வி கேட்டா, மகனைக் கூப்பிட்டு ஏறிப் பார்க்கச் சொன்னா, பிறகு அந்தச் செலவில் பாதியைக் குறைக்கச் சம்மதித்தா. முழுதையும் குறைக்க முடியாது தம்பி, கிணற்றை நீங்க கணக்கில எடுக்கல்லயே என்றா. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. உறுதி அவட பேரில் இருந்தது, விலையும் அவட வாயால்தான் முடிந்தது. எதற்காக விற்கிறீர்கள் என்று நான் கேட்கவும் இல்லை, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவும் தெரியாது.